நாக்கு ராவுத்தரும் நல்ல காரியத்துக்கு வராத காரும்

மதுரை ஜில்லாவில் மின்சாரத்தைப் பார்த்தவர்கள் உண்டு. தொட்டவர்கள் உண்டு. தொட்டுவிட்டுத் திரும்பி வராதவர்களும் உண்டு. ஆனால் அதன் ருசி தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் நாக்கு ராவுத்தர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. சிம்மக்கல்லில் இரண்டு மண்டிகளுக்கு நடுவில், ஒரு கார் உள்ளே நுழைந்தால் மனிதர்கள் வெளியே நின்று பேச வேண்டிய அகலத்தில், அவருடைய பட்டறை இருந்தது. எஞ்சினை அவர் தொடமாட்டார். கம்பி, பாட்டரி, விளக்கு, ஹாரன் இவை மட்டும்தான். எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால், "அது இரும்படிக்கிறவுக சோலி" என்று கையை விரித்துவிடுவார்.

மற்ற பட்டறைகளில் கம்பியைக் கம்பியோடு உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். ராவுத்தர் கம்பியின் நுனியை நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். சமையல்காரர் ரசத்தைப் பதம் பார்ப்பதுபோல் ஒரு கணம் நிற்பார். பிறகு, "இது முந்தாநாள் ஏத்துன சார்ஜு" என்பார். அல்லது, "இதுல கெணத்துத் தண்ணிய ஊத்திருக்கீக. அதுவும் உப்புக் கெணறு" என்பார். கார்க்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்தால் அது உண்மையாகவே இருக்கும்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். மின்சாரத்தைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு மாதம் தொடர்ந்து பேசுகிறவன். இதையெல்லாம் நம்ப என் படிப்பு இடம் தரவில்லை. ஆகவே ஒருநாள் கல்லூரியின் வோல்ட்மீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவரைச் சோதித்தேன். அங்கிருந்த ஒரு பாட்டரியை நாக்கால் பார்த்துவிட்டு, ஆறுக்குக் கொஞ்சம் குறைவு என்றார். என் வோல்ட்மீட்டர் ஆறைத் தாண்டிக் காட்டியது. ராவுத்தர் வோல்ட்மீட்டரைப் பரிவோடு பார்த்தார். "பாவம், அதுக்கு வயித்துல ஏதோ கோளாறு சார்" என்றார். மெட்ராசுக்கு அனுப்பிப் பழுது பார்த்தோம். வயிற்றில்தான் கோளாறு.

அந்த நாக்கை அவர் காப்பாற்றிய விதம் தனி. வெற்றிலை கிடையாது. மிளகாய் கிடையாது. டீயை ஆற்றி, மறுபடி ஆற்றி, டீ தன்மானம் இழந்த பிறகுதான் குடிப்பார். கோரிப்பாளையத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பிரியாணி தேக்சாவைத் திறக்கிற நேரத்தில், ராவுத்தர் வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பார். பெண் வீட்டார் ஏதோ மனஸ்தாபம் என்று எண்ணிச் சமாதானம் பேச வருவார்கள். "வருத்தம் ஒண்ணுமில்ல. இது தொழில் நாக்கு" என்பார். அவர் மனைவி இருபது வருஷமாகச் சமையலுக்குப் பாராட்டு வாங்காதவர் என்று கேள்வி.

இவ்வளவு திறமை இருந்தும் அவர் பட்டறையில் கூட்டம் இராது. காரணம், அவர் வைத்திருந்த ஒரு சட்டம். ஓடி வந்த காருக்கு அவர் வைத்தியம் பார்க்கமாட்டார். விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று ஒருவர் காரை ஓட்டி வருவார்.

"இப்ப எரியுதா?"

"இப்ப எரியுது."

"அப்ப போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். கண்ட்ராக்டர் ஒருவர் கோபித்துக்கொண்டு, காரை வேண்டுமென்றே கெடுத்து, இரண்டு மாடுகளைக் கட்டி இழுத்து வந்தார். அது இவராகக் கெடுத்த கோளாறு, பழைய கோளாறு இல்லை என்று சொல்லி ராவுத்தர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி அனுப்பிவிட்டார்.

இதற்கு அவர் சொன்ன நியாயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "விட்டு விட்டு வர்ற காய்ச்சல், சார். விட்ட நேரத்துல பாத்தா டாக்டரு என்னத்தைச் சொல்லுவாரு? வந்த நேரத்துல பாக்கணும். அதுக்குள்ள கம்பியைக் கழட்டி மாட்டுனோம்னா கோளாறு ஒளிஞ்சுக்கிரும். நல்லாயிருச்சுன்னு நம்ம நெனச்சுக்கிருவோம். எங்க போச்சு அது? உள்ளதான உக்காந்திருக்கு."

பரிசோதனை முறையைப் பற்றி இதைவிடத் தெளிவான சொற்பொழிவை நான் கேட்டதில்லை. அந்த வருஷம் முழுவதும் இதையே வகுப்பில் என் சொந்தக் கருத்தாகச் சொல்லி வந்தேன்.

இப்போது என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அதை ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். எங்கள் வீடு பரவையில். மதுரை ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல் இருக்கும். என் ஒரே மகள் பாக்கியத்துக்கு முதல் பிரசவ வலி கண்டபோது மாட்டுவண்டியில் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மாவால் தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது. அடுத்த முறை வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிட வேண்டும் என்று சொன்னார். அடுத்த முறைக்காக நான் கார் வாங்கினேன்.

கல்லூரியை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை விற்றது அது. கறுப்புக் கார், துணிக் கூரை, முன் சீட்டின் இடப்பக்கப் பலகைக்குக் கீழே பாட்டரி. துரை அதை வாங்கியபோதே அதற்கு வயசாகியிருந்தது. என் மனைவியின் தம்பி முத்து லாரி ஓட்டத் தெரிந்தவன். அவனே டிரைவர் ஆனான்.

அந்தக் காரின் வியாதி இதுதான். செல்ப் பெடலை மிதித்தால் பெரும்பாலும் உறுமிக்கொண்டு கிளம்பும். சில நாள் ஒன்றும் நடக்காது. முனகல்கூட இராது. ஹாரனை அழுத்தினால் மௌனம். விளக்கைப் போட்டால் இருட்டு. முன்னால் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் முத்துவின் மணிக்கட்டு வீங்குவதுதான் மிச்சம். ஏனென்றால் எஞ்சினுக்குள் பொறி விழுவதற்கும் அதே பாட்டரிதான் கரண்டு கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் எல்லோரும் ஏறி இறங்கி, கதவுகளை அடித்துச் சாத்தி, காரை ஏசிய பிறகு, தானாகவே ஒருமுறை கிளம்பிவிடும். கிளம்பினால் பத்து நாளுக்குத் தொந்தரவு இல்லை.

எந்தச் சில நாள் என்பதுதான் விஷயம். நான் கல்லூரிக்குப் போகிற நாளில் அது நின்றதே இல்லை. என் மனைவியின் பெரியப்பா செத்த வீட்டுக்கு முதல் மிதியில் கிளம்பிற்று. ஆனால் மருமகன் தம்பியின் கல்யாணத்துக்குக் கிளம்பவில்லை. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பவில்லை. பாக்கியம் மறுபடி உண்டாகி, வளைகாப்புக்கு அவளை அழைத்து வரப் புறப்பட்டபோது, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் மரக்கட்டையாக நின்றது.

ஊர் சும்மா இருக்குமா? நல்ல காரியத்துக்கு வராத கார் என்று அதற்குப் பெயர் விழுந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், "பஸ்லயே வந்துருங்க, அதுதான் சௌகரியம்" என்று அக்கறையாகச் சொன்னார்கள். அதே சமயம் சுற்று வட்டாரத்தில் எங்கே சாவு, துஷ்டி என்று விழுந்தாலும் காரைக் கேட்டு ஆள் வந்தது. தப்பாமல் கிளம்பும் என்று அவர்களுக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை. ஒருமுறை ஒரு கிழவர் இழுத்துக்கொண்டிருந்தபோதே வந்து சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள்.

முத்து ஆளுக்கு முந்தி ஒரு காரணம் கண்டுபிடிப்பான். "மச்சான், பெட்ரோல்ல தண்ணி கலந்துருக்கு" என்பான். ஹாரனுக்கும் பெட்ரோலுக்கும் என்னடா சம்பந்தம், மாப்ள என்று கேட்டால் யோசித்துவிட்டு, "அப்ப ஹாரன்லயும் தண்ணி" என்பான்.

என் மனைவி புறப்படும் முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தைக் கூட்டினாள். நாலு பழம் எட்டாயிற்று. எலுமிச்சம்பழத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பை விளக்கும்படி நான் கேட்டேன். "தொடர்பு இல்லாமத்தான் ஊரு பூரா வைக்குதாக்கும்? உங்க காலேசுல அதெல்லாம் சொல்லித் தரமாட்டாக" என்றாள். மூட நம்பிக்கையைப் பற்றி நான் கொஞ்ச நேரம் பேசினேன். அவள் காது கொடுக்கவில்லை.

பாக்கியத்துக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரவில் எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ராவுத்தரிடம் போய், கார் ஓடித்தான் வந்திருக்கிறது, மன்னிக்க வேண்டும், ஆனால் என் விஷயம் இப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பிரசவத்தையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"காரு எங்கிட்ட வர வேணாம் சார். நான் காருகிட்ட வாரேன்" என்றார்.

மறுநாள் பரவைக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். காரைத் தொடவில்லை. கொட்டகை ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்தார். போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்குவதுபோலத்தான். எந்தக் கால் முதலில் வண்டிக்குள் வைப்பீர்கள், கதவை அடித்துச் சாத்துவீர்களா, மடியில் என்ன வைத்திருப்பீர்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். முத்துவிடம் அரை மணி நேரம். பாக்கியத்திடம் அவள் மசக்கையைப் பற்றிக்கூடக் கேட்டுவிட்டார். என் மனைவியிடம்தான் அதிக நேரம் பிடித்தது.

"ஒங்க காருக்கு நல்ல காரியத்து மேல என்னம்மா கோவம்?"

"அதத்தான் அண்ணே நானும் கேக்குறேன். சந்தனம் தெளிக்கிறேன், பழம் வைக்கிறேன், தேங்கா உடைக்கிறேன். இதுக்கு மேல அதுக்கு என்னதான் வேணுமாம்?"

"எங்க வச்சு ஒடைக்கிறீக?"

"முன்னால கல்லுல."

"தண்ணி வண்டி மேல தெறிக்குமா?"

"தெறிக்கட்டுமே. இளநித் தண்ணிதான? வெசமா?"

ராவுத்தர் அதை மனதில் குறித்துக்கொண்டார். கடைசியாக என்னையும் கூப்பிட்டார். நீங்கள் புறப்படும் முன் காரில் ஏதாவது செய்வீர்களா என்று கேட்டார். நான் எதுவும் செய்வதில்லை, வந்து உட்காருவேன், அவ்வளவுதான் என்றேன். சரி என்றார்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகள் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. போகாத கல்யாணத்துக்கு நாங்கள் புறப்பட்டோம். என் மனைவி பட்டுப்புடவை கட்டினாள். நான் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டேன். பாக்கியம் பூ வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். எட்டு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், சந்தனம். எல்லாம் ஆனபின் முத்து பெடலை மிதித்தான். மூன்று வெள்ளியும் கார் முதல் மிதியில் கிளம்பியது. தெருக் கோடிவரை போய்த் திரும்பி வந்து கொட்டகையில் இறங்கி, பட்டைக் கழற்றி மடித்து வைத்தோம். மூன்றாவது வாரம் எதிர்வீட்டுக்காரர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, எனக்குக் கல்லூரியில் வேலைப் பளு அதிகமோ என்று விசாரித்தார்.

ராவுத்தருக்குக் கோபமில்லை, சந்தோஷம். "பாத்தீகளா? எல்லாம் செஞ்சும் நிக்கல. அப்ப நம்ம செய்யாத ஏதோ ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். பிறகு எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். "காரு பொய் சொல்லாது. ஏறுறவுகள்ல யாரோ ஒருத்தர் முழுசாச் சொல்லல."

முத்து என் மனைவியைப் பார்த்தான். என் மனைவி முத்துவைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்தது. ராவுத்தர் பட்டறையைச் சாத்திவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் வர ஆரம்பித்தார். கோளாறு வரும்போது தாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டு, கொட்டகையைப் பார்த்தபடி, மத்தியானம் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டு இருபது நாள் உட்கார்ந்திருந்தார். பாக்கியம் நடைக்காக வாசலுக்கு வரும்போதெல்லாம், "பயப்படாத தாயி, நான் இருக்கேன்ல" என்பார். அவள் சிரித்துவிட்டு உள்ளே போவாள். என் மனைவி அவருக்காகத் தனியே காரமில்லாத துவையல் அரைத்தாள். அதை அவர் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது தங்கச்சி என்று சொன்ன செய்தி அவர் மனைவியின் காதுக்கு எட்டாமல் இருக்க வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன்.

வலி கண்டது ஒரு நண்பகலில். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கொட்டகைக் கதவைத் திறக்கிறேன் என்று நான் முதலில் ஓடினேன். இரண்டு நிமிஷத்தில் பாக்கியத்தைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின் சீட்டில் சாய்த்தார்கள். முத்து உட்கார்ந்தான். பெடலை மிதித்தான்.

ஒன்றும் இல்லை.

மறுபடி மிதித்தான். ஹாரனை அழுத்தினான். காருக்குள் பாக்கியத்தின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மிக அமைதியாக, "மாட்டைப் பூட்டச் சொல்லுங்க" என்றாள்.

அந்த மூன்று வார்த்தையை நான் இன்றும் சில சமயம் வகுப்பில் நிற்கும்போது கேட்கிறேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ராவுத்தர் மோர்ச்சோற்றுக் கையோடு எழுந்து வந்தார். அவர் முகத்தில், இருபது நாள் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்ட மலர்ச்சி இருந்தது. "வந்துருச்சா!" என்றார். அதற்குள் பின் சீட்டில் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டார். மலர்ச்சி, விளக்கை அணைத்ததுபோல் நின்றது.

"யாரும் எறங்காதீக. ஆட்டாதீக. மாப்ள, நீ மட்டும் பைய ஒதுங்கி உக்காரு."

ஆட்டிவிட்டால் கிளம்பிவிடும் என்று நான் கத்தினேன். கதவை அடிக்கலாம், தள்ளலாம், எப்போதும் அப்படித்தான் கிளம்பும் என்றேன்.

"கெளம்பும். பாதி வழில, வெளாங்குடி பக்கம் போய் நின்னா என்ன செய்வீக?" என்று சொல்லிக்கொண்டே கையைத் துண்டில் துடைத்தார். முன் சீட்டுப் பலகையைக் கோழிமுட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார். உள்ளே குனிந்தார். பாட்டரியின் கிளாம்பில் நாக்கை வைத்தார்.

"நாக்கை வைக்கிற நேரமாய்யா இது?" என்று நான் கேட்டேன். என் வாழ்நாளில் அவரிடம் நான் மரியாதை குறைவாகப் பேசியது அந்த ஒருமுறைதான். அவர் திரும்பவில்லை. நாக்கைக் கிளாம்பிலிருந்து எடுத்து, அது கவ்வியிருந்த ஈயக் குமிழில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி என் வலது கையைப் பார்த்தார்.

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பலருக்கும் காரின் உயிர் எஞ்சினில் இருப்பதாக எண்ணம். பௌதிகம் படித்தவனுக்கு அது பாட்டரியில் இருப்பது தெரியும். ஆகவே ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் புறப்படுமுன், யாரும் பார்க்காத நேரத்தில், நான் சீட்டுப் பலகையைத் தூக்கி பாட்டரியின் குமிழில் திருநீறு வைத்துவந்தேன். மேலே மட்டும் வைத்தால் போதுமா என்ற சந்தேகத்தில், கிளாம்பைச் சற்று அசைத்து, இடுக்கிலும் ஒரு சிட்டிகை போடுவேன். கல்லூரிக்குப் போகும் நாளில் அதற்கு அவசியமில்லை. சாவு வீட்டுக்கு அவசியமில்லை. ஒத்திகைக்கும் எதற்கு? அடுத்த நாலு மைல் ரோட்டுக் குலுக்கலில் அது தானே உதிர்ந்துவிடும். இதை நான் ராவுத்தரிடம் சொல்லாததற்குக் காரணம், எலுமிச்சம்பழத்தைப் பற்றி என் மனைவியிடம் நான் பேசிய பேச்சு. அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். திருநீற்றால்தான் கார் நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மின்சாரம் பாயாத பொருட்களின் பட்டியலை அந்த மாதம்தான் வகுப்பில் எழுதிப் போட்டிருந்தேன். சாம்பல் அதில் நாலாவது.

அன்று சிட்டிகை அல்ல. மகள் உள்ளே வலியில் முனகிக்கொண்டிருந்தாள். கைநிறைய அள்ளித் திணித்திருந்தேன்.

ராவுத்தர் கிளாம்பைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். பேனாக் கத்தியால் குமிழைச் சுரண்டினார், கிளாம்பின் உட்புறத்தைச் சுரண்டினார். ஈயம் வெள்ளியாக மின்னியது. திரும்பவும் மாட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, மிதி."

கார் கொட்டகை அதிரக் கிளம்பியது.

"என்னண்ணே இருந்துச்சு?" என்று என் மனைவி பின்னாலிருந்து கேட்டாள்.

ராவுத்தர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "உப்புத்தான் தங்கச்சி. பாட்டரில உப்புப் பூத்துருச்சு" என்றார்.

நட்டை முறுக்க நேரமில்லை. ஆறு மைலும் ராவுத்தர் முன்பக்கம் தரையில் குந்தியபடி கிளாம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் உட்கார்ந்தபின் எனக்கு உள்ளே இடமில்லை. வெளியே புட்போர்டில் தொற்றிக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்தபடி நான் திண்டுக்கல் ரோட்டில் பறந்து போனதை என் மாணவர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். மறுநாள் கல்லூரியில் எனக்கு ஒரு புது மரியாதை இருந்தது. சிம்மக்கல்லில் பருத்திப் பொதி வண்டிகள் மறித்துக்கொண்டு நின்றன. ராவுத்தர் தரையிலிருந்து தலையைத் தூக்காமலே ஒவ்வொரு வண்டிக்காரரையும் பெயர் சொல்லி ஒதுங்கச் சொன்னார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பயந்துபோய் எல்லோரும் ஒதுங்கினார்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் மணி நேரம்தான் நின்றிருப்போம். உள்ளே ஒரு குழந்தை அழுதது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். டாக்டரம்மா வெளியே வந்து, கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்றும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்றும் ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கும்படி கேட்கவில்லை. வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

ராவுத்தர் குழாயில் கையையும் வாயையும் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பழனியா சார்?"

"என்னது?"

"திருநீறு. பழனிதான?"

"ஆமாம்."

"நெனச்சேன். மணம் இருந்துச்சு."

நான் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். கடைசியில், "பயம் ராவுத்தரே" என்றேன்.

அவர் வராந்தாவுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தார். "பயம் இருந்தா வைக்க வேண்டியதுதான். யாரு வேணாம்னா? வைக்கிற எடத்தைத்தான் மாத்தணும்" என்றார்.

மறு வாரம் பேத்தியைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு சிறு பித்தளைக் கிண்ணம் கொண்டுவந்தார். முத்துவை டீ வாங்க அனுப்பிவிட்டு, சீட்டுப் பலகையைத் தூக்கி, பாட்டரிக்கு ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தில் அதை இரண்டு திருகாணி போட்டு முறுக்கினார். பலகையை மூடிவிட்டு, ஆறிய டீயை மேலும் ஆற்றிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கார் எந்தக் கல்யாணத்துக்கும் நின்றதில்லை. துஷ்டி வீட்டுக்காரர்களுக்குத்தான் வருத்தம்.

என் வீட்டில் இன்றுவரை அது உப்புதான். மனைவி பத்திரிகை படிப்பதில்லை. முத்து படிப்பான். அவனிடம் நான் தனியே பேசிக்கொள்கிறேன். காரும் பொய் சொல்லாது, ராவுத்தரும் சொல்லமாட்டார். அன்று ஒன்று சொன்னார். எனக்காகச் சொன்னார்.

இப்போது பேத்திக்கு ஆறு வயது. பெட்ரோலுக்கு ரேஷன். காரைச் செங்கல்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். பாட்டரியைக் கழற்றி ராவுத்தர் பட்டறையில் வைத்திருக்கிறார். கிண்ணம் மட்டும் அதன் இடத்தில் இருக்கிறது. பேத்திக்கு ஜுரம் என்றாலும், முத்து வெளியூர் போனாலும், நான் கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் தூக்கி ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வருவது வழக்கம். எங்கும் போகாத கார்தான். இருந்தாலும்.

போன வாரம் ராவுத்தர் வந்திருந்தார். காரைப் பார்க்க வேண்டும் என்றார். பலகையைத் தூக்கிக் குனிந்தார். கிண்ணத்துத் திருநீற்றை விரலால் தொட்டு, அந்தத் தொழில் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சார்ஜு எறங்கல சார்" என்றார்.